பிசின் இளகும் வரை

வகுப்பில் ஒருநாள், பாடத்தினிடையே, இப்னுல் ஹைதமைப் பற்றி மாணவர்களிடம் பெருமை பொங்கப் பேசினேன். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அவ்வறிஞர், ஒளி பற்றி எழுதிய ‘கிதாபுல் மனாஸிர்’ லத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572-இல் பாசல் நகரில் அச்சேறியதையும் சொன்னேன். அதன் விளைவு, மறுவாரமே மயிலாப்பூரில் உள்ள என் வீட்டு வாசலில் துணிப்பையுடன் வந்து நின்றது. காலஞ்சென்ற பாட்டனாரின் பழைய பைனாகுலரை ஒரு மாணவன் எடுத்து வந்திருந்தான்.

“ஹஜ்ரத், இதைக் கொண்டு ஒரு தொலைநோக்கி செய்ய முடியுமா?” என்றான். பேசியவனுக்கு மறுக்க வழியேது?

குழாய்கள் நசுங்கியிருந்தன, முப்பட்டகங்கள் உடைந்திருந்தன. முகப்பு லென்சுகள் இரண்டும் முழுதாக இருந்தன. ஆயினும் அவற்றின் உள்ளே மஞ்சள் படர்ந்து, ஓரங்களில் பெரணி இலைபோல் ஒரு கோலம் விழுந்திருந்தது. வெளியே எவ்வளவு துடைத்தும் அது போகவில்லை.

காரணம் பின்னரே விளங்கிற்று. அத்தகைய லென்சு ஒரே கண்ணாடியன்று, இரண்டு. குவிந்தது கிரௌன் கண்ணாடி, குழிந்தது பிளிண்ட் கண்ணாடி. தனியொரு லென்சு ஒளியின் நிறங்களைச் சிதறடித்து, உருவத்தின் விளிம்பில் வண்ணக்கறை பூசும். ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யுமாறு இரண்டையும் இணைக்கும் முறைக்கு, 1758-இல் லண்டனில் ஜான் டாலண்ட் காப்புரிமை பெற்றார். பழைய கருவிகளில் இவ்விணையை ஒட்டியது கனடா பால்சம் என்னும் மரப்பிசின். அதுவும் ஏறக்குறைய கண்ணாடியைப் போலவே ஒளியை வளைப்பதால், நடுவே பிசின் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. முதுமையால் அது பழுத்துப் பிரிந்துவிட்டால்தான் தெரியும்.

சூட்டில் பிசின் இளகும் என்று எங்கோ படித்திருந்தேன். படித்தது போதும் என்று எண்ணி, கொதிநீரை எடுத்து முதல் லென்சின் மீது ஊற்றினேன். ‘டிக்’ என்றொரு சிற்றோசை. குழிந்த கண்ணாடி குறுக்கே பிளந்துவிட்டது.

அது என் பொருளன்று; அமானிதம். தந்தைவழி வந்த நினைவுப் பொருளை நம்பி ஒப்படைத்த பிள்ளையிடம் என்ன சொல்வேன்? அன்றிரவு உறக்கம் வரவில்லை. காலையில் உள்ளதை உள்ளபடியே சொன்னேன். அவன் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “இன்னொன்று இருக்கிறதே, ஹஜ்ரத்” என்றான்.

தியாகராய நகரில் ஒரு சந்தில் பழைய காமிராக்களைப் பழுதுபார்க்கும் முதியவரிடம் இருவரும் சென்றோம். உடைந்ததைப் பார்த்ததும் அவர் சிரித்தார். “பாய், கண்ணாடி சூட்டுல உடையாது. ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சின்னா உடையும். அவசரப்படாதீங்க.”

அவர் சொன்னபடியே செய்தோம். முதலில், இரு கண்ணாடிகளின் விளிம்பையும் இணைத்துப் பென்சிலால் அம்புக்குறி இட்டோம். மீண்டும் சேர்க்கும்போது பழைய நிலை மாறக் கூடாதல்லவா? பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, தண்ணீர் நிரப்பி, லென்சை அதனுள் வைத்துச் சிறுதீயில் ஏற்றினோம். ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. துணி சுற்றிய விரல்களால் மெல்லப் பக்கவாட்டில் தள்ளியபோது, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் பிரிந்தது. அந்த நீரிலேயே ஆறவிட்டோம். ஒட்டியிருந்த பிசினை, அடுப்பணைத்துச் சன்னல்களைத் திறந்து வைத்து, சைலீன் தோய்த்த பஞ்சால் துடைத்தோம். பிற்காலத்துச் செயற்கைப் பசைகள் இவ்வாறு வெந்நீருக்கு இளகுவதில்லை. எங்களுடையது பழையதாயிருந்தது எங்கள் நற்பேறு.

புதுப் பிசின் ஒரு துளி விட்டு, குறிகளைப் பொருத்தி, குமிழிகள் வெளியேற மெல்ல அழுத்தினோம். அட்டைக் குழாயின் ஒருமுனையில் அதனையும், மறுமுனையில் பைனாகுலரின் கண்லென்சையும் பொருத்தினோம்.

பிறை நான்காம் நாள் மாலை, மொட்டைமாடியில் நின்று அவன் பார்த்தான். உருவம் தலைகீழாகத் தெரிந்தது. நிலவுக்குத் தலையேது, கீழேது! மாரே கிரிஸியம் என்னும் கருந்திட்டு தெளிவாகத் தெரிந்தது. அதற்கு அப்பால் ஓரத்தில், இப்னுல் ஹைதமின் பெயரால் ‘அல்ஹாஸன்’ என வழங்கும் வட்டக்குழி உண்டு. எங்கள் சிறு கருவிக்கு அது எட்டவில்லை.

உடைந்த லென்சை நான் எறிந்துவிடவில்லை. பஞ்சில் பொதிந்து அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். உடைந்தாலும் அமானிதம் உரியவரையே சேரவேண்டும்.