சலானை நம்பாதே
அப்பாவுக்கு இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் செக்யூரிட்டி வேலை. 1998-ல் ஹூண்டாய் இங்கே கார் தயாரிக்க ஆரம்பித்த பிறகு வந்த உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் கேட்டில்.

எங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், கேன்டீன் டோக்கன் வாங்கும் வெப்சைட். எண்ணிக்கையைத் தப்பாகப் போட்டால் ஜாவாஸ்கிரிப்ட் உடனே தடுக்கும். சரியாக இருந்தால் சர்வரில் பிஹெச்பி டேட்டாபேஸைப் பார்த்து, அவரவருக்கான பில் பக்கத்தை அப்போதே தயாரித்து அனுப்பும். ரெண்டுமே 1995-ல் வெளிவந்தவை; ஓடுகிற இடம்தான் வேற.

ரிவ்யூவில் மேடம் பிரௌசரில் ஜாவாஸ்கிரிப்டை ஆஃப் பண்ணிட்டு, -5 சாப்பாடு என்று போட்டாங்க. ஆர்டர் போயிடுச்சு! பில் -200 ரூபாய். கிளாஸே சிரிச்சுது. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

ராத்திரி அப்பாகிட்ட சொன்னேன். "சலானை எழுதுறது சரக்கு அனுப்புறவங்கம்மா. கேட்ல நான் பார்த்துதான் லாரியை விடுறேன். அதுக்காக ஸ்டோர்ல எண்ணாம இறக்குவாங்களா?" என்றார்.

அப்போதான் புரிஞ்சுது. பிரௌசர் நம்ம கையில் இல்லை. அங்கே ஓடுற எதையும் யாரும் நிறுத்தலாம், மாத்தலாம். அந்த செக், பயன்படுத்துறவரோட நேரத்தை மிச்சப்படுத்த மட்டும்தான். கடைசியா எண்ண வேண்டியது சர்வர்.

பிஹெச்பியிலும் நாலு வரி சேர்த்தேன். அடுத்த ரிவ்யூவில் மேடம் மறுபடியும் -5 போட்டாங்க. சர்வர் திருப்பி அனுப்பிடுச்சு.