மூன்று நாள் விடுப்பு: எந்தத் திசையில் போவது?

தீபாவளி விடுமுறைக்காகப் பள்ளிகள் மூடப்படும் நாள் நெருங்கும்போது, தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள நம் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். "இந்த முறை எங்கே போகிறோம்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நீண்ட விடுப்பு கிடைத்தால் பதில் எளிது. நாகர்கோவில் இரயிலில் முன்பதிவு செய்து, திருநெல்வேலிப் பக்கம் புறப்பட்டுவிடுவோம். ஆனால் அந்தப் பயணத்தில் போகவும் வரவுமே ஏறத்தாழ மூன்று நாள்கள் கழிந்துவிடும். குடும்பத் தலைவருக்கு வேலையிடத்தில் மூன்றே நாள் விடுப்பு என்றால், ஊர்ப்பயணம் கூடாத காரியம். அப்போது எஞ்சியிருப்பது நாம் குடியிருக்கும் இந்த மகாராஷ்டிர மாநிலமே.

இதை ஏமாற்றமாக எண்ண வேண்டியதில்லை. பாட்டனார் காலத்தில் இங்கு வந்து குடியேறிய குடும்பங்கள் நம்மிடையே அநேகம். நம் பிள்ளைகள் பள்ளியில் மராத்தி படிக்கிறார்கள். அண்டை வீட்டாரோடு தடையின்றி அம்மொழியைப் பேசுகிறார்கள். ஆயினும் கல்யாணுக்கு அப்பால் உள்ள நிலத்தை, ஊருக்குப் போகும் வழியில் கடந்து செல்லும் நிலமாக மட்டுமே அறிவார்கள். சொந்த ஊரையும் ஆண்டுக்கொருமுறை விருந்தாளிகளாகவே காண்கிறார்கள். பிறந்த மண்ணும் அந்நியம், பூர்வீக மண்ணும் அந்நியம் என்ற நிலையில் அவர்கள் வளர்வது நல்லதன்று. ஒரு குறுகிய விடுப்பு அந்தக் குறையைச் சிறிதளவேனும் நீக்கக்கூடும்.

ஆனால் எங்கே போவது? மகாராஷ்டிரத்தின் பரப்பு 3,07,713 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். 20 மாநிலப் பகுதிகளைக் கொண்ட இத்தாலி தேசத்தைவிடவும் சற்றுப் பெரியது! ஒரு வார விடுப்பில் இத்தாலிக்குப் போகிறவர்கள் ரோமாபுரி, புளோரன்ஸ், வெனிஸ் என ஓடியோடிப் பார்த்து, இரயில் நிலையங்களையே அதிகம் கண்டு திரும்புவதுண்டு. மூன்றே நாள் கையிலுள்ள நமக்கோ ஒரே ஒரு விதிதான் உதவும்: ஒரு விடுப்புக்கு ஒரு திசை. பயணத்தில் செலவாகும் மணி நேரத்தைவிட, போய்ச் சேர்ந்த இடத்தில் கழிக்கும் மணி நேரம் அதிகமாயிருக்க வேண்டும்.

இந்த அளவுகோலின்படி விதர்ப்பாவை இப்போதைக்கு விட்டுவிடலாம். 1956 அக்டோபர் 14 அன்று டாக்டர் அம்பேத்கர் பௌத்தம் தழுவிய நாகபுரியின் தீக்ஷாபூமியும், காந்தியடிகள் 1936 முதல் தங்கிய சேவாகிராமமும் காணத்தக்கவையே. எனினும் நாகபுரிக்கு இரயிலில் 800 கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டும். மீதமிருப்பவை மூன்று திசைகள்.

தெற்கே கொங்கணம்

ஒருபுறம் கடல், மறுபுறம் சகியாத்திரி மலை. 1998-ல் முழுமையாகத் திறக்கப்பட்ட கொங்கண் இரயில் பாதை, தொண்ணூறுக்கும் மேற்பட்ட சுரங்கங்களைக் கடந்து செல்கிறது. பிள்ளைகளுக்கு அதுவே ஒரு காட்சி. 1674-ல் சிவாஜி மகாராஜா முடிசூடிய இராய்கட் கோட்டைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. முடியாதவர்களுக்குக் கம்பிவட ஊர்தி இருக்கிறது. அருகிலுள்ள மகாட் நகரில் சவ்தார் குளத்தைக் காணலாம். பொதுக் குளத்தின் தண்ணீரைத் தொடும் உரிமை மறுக்கப்பட்டவர்களை அழைத்துக்கொண்டு, 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் அங்கே இறங்கி நீர் அருந்தினார். ஊரில் தனிக் கிணறும் தனித் தெருவும் கண்ட நம் பெரியவர்கள், அந்தக் குளக்கரையில் நின்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லக் கதைகள் உண்டு. சூன் முதல் செப்டம்பர் வரை கொங்கணத்தில் மழை கடுமை; அம்மாதங்களைத் தவிர்ப்பது நலம்.

கிழக்கே மராட்டுவாடா

2023 முதல் சத்ரபதி சம்பாஜிநகர் என்று பெயர் பெற்றுள்ள அவுரங்காபாத்துக்கு இரயிலில் ஏறத்தாழ ஏழு மணி நேரம். இரவில் ஏறினால் காலையில் இறங்கலாம். அங்கிருந்து எல்லோரா 30 கிலோமீட்டர், அஜந்தா 100 கிலோமீட்டர். இவ்விரண்டும் 1983-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டவை. எல்லோராவின் 34 குகைகளுள் பதினாறாவது, ஒரே பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கி எட்டாம் நூற்றாண்டில் உருவாக்கியது. அவை இன்று தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள வரலாற்றுச் சின்னங்களாதலால், கல்வி நோக்கில் காண எவரும் தயங்க வேண்டியதில்லை. அஜந்தாவுக்குத் திங்கட்கிழமையும் எல்லோராவுக்குச் செவ்வாய்க்கிழமையும் விடுமுறை என்பதை மறவாதிருங்கள். மே மாத வெயில் தாங்க முடியாதது.

தென்கிழக்கே புனே

இது மிக அருகிலுள்ள திசை. இரயிலில் மூன்று, நான்கு மணி நேரம். வழியில் 1863-ல் திறக்கப்பட்ட போர் காட் மலைப்பாதை. புனேயில்தான் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் 1848-ல் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். மறுநாள், புனேயிலிருந்து தவுண்டு செல்லும் பாதையில் கேட்காவ் என்னும் சிறு நிலையத்தில் இறங்கலாம். பண்டித ரமாபாய் நிறுவிய முக்தி மிஷன் அங்கேதான் இருக்கிறது.

ரமாபாய் பஞ்சத்தில் பெற்றோரை இழந்து, தமையனோடு கால்நடையாகத் தேசமெங்கும் அலைந்தவர். 1889-ல் மும்பையில் கைம்பெண்களுக்காகச் சாரதா சதனைத் தொடங்கினார். பின்னர் பஞ்சத்தில் தவித்த பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் கேட்காவில் அடைக்கலம் அளித்தார். எபிரெய, கிரேக்க மூலங்களிலிருந்து வேதாகமத்தை எளிய மராத்தியில் மொழிபெயர்த்தார். அதை அச்சிட்டவர்கள் அங்கு வாழ்ந்த பெண்களே. 1905-ல் அவ்விடத்துச் சிறுமிகளிடையே உண்டான எழுப்புதலைச் சபை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா தெருக் கூட்டங்கள் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டில்தான். நம் சபைகளின் வரலாறு கடல் கடந்து வந்தது என்று மட்டுமே அறிந்த பிள்ளைகளுக்கு, அதன் ஊற்றுகளுள் ஒன்று மராத்தி மண்ணிலேயே இருப்பது புதுச் செய்தியாக இருக்கும். இன்றும் பெண்களும் பிள்ளைகளும் வாழும் இல்லம் அது. ஆகவே முன்கூட்டியே அனுமதி பெற்றுச் செல்வதே முறை.

எதைத் தெரிந்துகொள்வது?

முழங்கால் வலியுள்ள பாட்டியும் கைக்குழந்தையும் உடன்வந்தால், புனே திசையே ஏற்றது. பயணம் குறைவு, செலவும் குறைவு. வியாழனன்று புறப்பட்டால் சனி இரவுக்குள் வீடு திரும்பி, ஞாயிறு ஆராதனையிலும் கலந்துகொள்ளலாம். மேல்வகுப்பில் பயிலும் பிள்ளைகளுக்கு எல்லோரா பொருந்தும். நடக்கத் தெம்புள்ள குடும்பத்துக்குக் கொங்கணம். புறப்படுமுன் பிள்ளைகளையே ஒரு வரைபடத்தின்முன் உட்காரவைத்து, மணிக்கணக்கையும் பணக்கணக்கையும் எழுதச் செய்யுங்கள். தாங்களே தெரிந்தெடுத்த இடத்தை அவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

முதல் முறையாகப் போகிறவர்களுக்கு நாம் பரிந்துரைப்பது புனேயும் கேட்காவுமே. நாம் ஊருக்குப் போகும் நாகர்கோவில் இரயில், நாம் உறங்கும் நள்ளிரவில் கேட்காவைக் கடந்துதான் செல்கிறது. எத்தனையோ ஆண்டுகளாக அவ்வழியே போய்வந்தும், அங்கே இறங்கியவர் நம்மில் எத்தனை பேர்? ஒருமுறை இறங்கிப் பார்த்த பிள்ளைக்கு, அடுத்த ஊர்ப்பயணத்தில் அந்த இருட்டு வெறும் இருட்டாக இராது.