குறிகட்டுவானில் பைக்கை எதால் கட்டுவது?

தீவுக்குப் போகிற ஆக்களுக்கு ஒரே நாளில் இரண்டு பயணம். யாழ்ப்பாணத்தில் இருந்து பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை, வாணர் பாலம், புங்குடுதீவு என்று முப்பது கிலோமீற்றர் அளவு ஓடிவந்து குறிகட்டுவான் இறங்குதுறையில் பைக்கை நிப்பாட்டினால் தரைப் பயணம் முடிஞ்சுது. அதுக்குப் பிறகு கடல். நயினாதீவுக்கு இருபது நிமிடத்துக்குள் போயிடலாம். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் அளவு எடுக்கும். பின்னேரம் திரும்பி வரும்வரை பைக் கரையில் தனிய நிற்கும், நாங்கள் கடலுக்கு அங்கால நிற்போம்.

எங்களில் ஐந்து பேர் கிழமைக்கு ஒருக்காவாவது நெடுந்தீவுக்குப் போய் வருகிறோம். இரண்டு பேருக்கு அங்கே வேலை. மற்ற மூன்று பேரும் சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு புத்தகம் வாசிக்கப் போகிறோம். சோளகம் வீசுகிற மாதங்களில் கடல் கொந்தளித்தால் போட் ஓடாது. அப்ப இரவும் அங்கேதான். தெரிந்த வீட்டில் சோறும் பாயும் கிடைக்கும், அதில் குறை இல்லை. ஆனால் படுத்த பிறகு எல்லாருக்கும் ஒரே யோசனை: கரையில் பைக் நிக்குதோ?

அந்த யோசனைக்குக் காரணம் இருக்கு. போன வருசம் எங்களில் ஒருத்தியின் ஸ்கூட்டர் காணாமல் போனது. ஹாண்டில் லொக் போட்டுத்தான் விட்டிருந்தாள். ஹாண்டில் லொக்கை இரண்டு கையாலும் பலமாகத் திருப்பினால் உள்ளே இருக்கிற சின்ன ஊசி முறிந்துவிடும். பிறகு வயரைத் தொடுத்தால் வண்டி கிளம்பிவிடும். நகையை அடகு வைத்து வாங்கின ஸ்கூட்டர் அது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு பழைய வண்டிகளுக்கே தீ விலை. தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த இடைக்காலத்து விலைக்குத்தான் அவள் வாங்கியிருந்தாள். காப்புறுதி மூன்றாம் தரப்பு மட்டும். அது நாங்கள் மற்றவருக்குச் செய்கிற சேதத்துக்குத்தான் காசு கொடுக்கும், களவுக்குக் கொடுக்காது. ஸ்கூட்டர் போயிற்று, அடகு வட்டி நிற்குது.

அதைவிடப் பெரிய இழப்பு அடுத்த கிழமை வந்தது. "இனி பஸ்ஸில போ, இல்லாட்டி வேலையை விடு" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். பஸ் ஓடுதுதான். ஆனால் பஸ்ஸும் போட்டும் ஒன்றை ஒன்று பார்த்து ஓடாத நாட்கள் நிறைய. விடியப்புறம் கிளம்பி, இருட்டின பிறகு றோட்டில் நின்று, ஒரு பெண் எத்தனை மாதத்துக்கு இப்பிடிப் போய் வரலாம்? களவு போனது ஒரு ஸ்கூட்டர், ஆனால் நிற்கப் போனது அவளின் வேலை. அதனால்தான் ஐந்து பேரும் சேர்ந்து, ஒரு சங்கிலியை எப்பிடித் தெரிவு செய்வது என்று ஒழுங்காகப் படித்தோம். படித்ததை இங்கே எழுதுகிறோம்.

முதலில் எல்லாரும் சொன்னது ஒரே ஆலோசனை: மீன்பிடிச் சாமான் விற்கிற கடையில் நங்கூரச் சங்கிலி வாங்கு. தீவுப்பகுதியில் அது இலகுவாகக் கிடைக்கும், மொத்தமாக இருக்கும், நாகம் பூசியிருப்பதால் உப்புக்காத்துக்கும் தாங்கும். பார்க்க நல்ல திடகாத்திரம். ஆனால் நங்கூரச் சங்கிலி இழுவைக்குச் செய்தது, வெட்டைத் தாங்கச் செய்தது இல்லை. பெரும்பாலும் அது மென்னிரும்பு. மூன்றடி நீளமான போல்ட் கட்டர் ஒன்று 12 மில்லிமீற்றர் மென்னிரும்பை ஒரே அமத்தில் கடித்துவிடும். கட்டரை ஒளிக்க ஒரு உரப்பை போதும்.

ஆகவே மொத்தத்தைப் பார்க்கும் முன் கடினத்தைப் பாருங்கள். அதற்கு ஒரு சின்னச் சோதனை இருக்கு. கடைக்குப் போகும்போது ஒரு அரம் கொண்டுபோங்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, சங்கிலியின் ஒரு கண்ணியில் மெதுவாக உராயுங்கள். அரம் கடித்து, பளபளவென்று தூள் விழுந்தால் அது மென்னிரும்பு. அரம் கண்ணாடியில் வழுக்குகிற மாதிரி வழுக்கினால் அது சூடாக்கிக் கடினப்படுத்தின உருக்கு. நாகப் பூச்சு இருந்தால் முதலில் பூச்சுத்தான் உரியும், அதுக்குக் கீழே என்ன நடக்குது என்று பார்க்க வேணும். உராய விடாத கடைக்காரரோடு கோபிக்க வேண்டாம், அடுத்த கடைக்குப் போங்கள்.

நல்ல சங்கிலிகள் மங்கனீஸ், போரோன் போன்றவை கலந்த உருக்கில் செய்யப்படுகின்றன. மேற்பரப்பு மிகக் கடினம், உள்ளுக்கு அவ்வளவு கடினம் இல்லை. முழுக்கக் கடினமாக்கினால் சுத்தியல் அடிக்கு வெடித்துவிடும் என்பதால்தான் அந்த ஏற்பாடு. சில சங்கிலிகளின் கண்ணிக் கம்பி வட்டமாக இல்லாமல் சதுரமாகவோ அறுகோணமாகவோ இருக்கும். கட்டரின் வாய் பிடிக்கக் கஷ்டப்படும். ஒரு எச்சரிக்கை: வாங்கின சங்கிலியை வெல்டிங் கடைக்குக் கொண்டுபோய் "இதில ஒரு வளையம் ஒட்டித் தாங்கோ அண்ணை" என்று கேட்காதீர்கள். சூடு பட்ட இடம் திரும்ப மெதுவாகிவிடும். கள்ளன் தேடுகிற இடத்தை நாங்களே செய்து கொடுத்த மாதிரி.

இனி அளவு. கடினப்படுத்தின உருக்கிலும் 8 மில்லிமீற்றர் கட்டருக்குத் தாங்காது. 10 என்றால் கொஞ்சம் தாமதிக்கும். 12, 13 என்றால் பெரிய கட்டரும் நல்ல பலமும் வேணும். 16 என்றால் கையால் அமத்துகிற கட்டர்கள் அனேகமாகத் தோற்றுவிடும். அப்ப எல்லாரும் 16 வாங்கலாமே? தூக்கிப் பாருங்கள். 12 மில்லிமீற்றர் சங்கிலி மீற்றருக்கு மூன்று கிலோவுக்கு மேல், 16 என்றால் ஐந்தரைக் கிலோ அளவு. பின்சில்லையும் சட்டத்தையும் சுற்றி ஒரு கட்டையில் கட்ட ஒன்றரை மீற்றராவது வேணும். எட்டுக் கிலோ. அதை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு ஓடுவது ஆபத்து. விழுந்தால் அது முள்ளந்தண்டில் குத்தும். ஹாண்டிலில் தொங்கவிடுவது இன்னும் மோசம்.

எங்களில் ஒருவரின் மாமா லண்டனில் இருந்து வர இருந்தார். சொக்லேற்றுக்குப் பதிலாக ஒரு சங்கிலி கேட்டோம். "எட்டுக் கிலோ இரும்பை நான் பிளேனில காவுறதோ?" என்று அவர் போனை வைத்துவிட்டார். ஆனால் ஒரு நல்ல விசயம் சொன்னார். பிரித்தானியாவில் 1992 இல் தொடங்கின சோல்ட் செக்யூர் என்ற அமைப்பு, பூட்டுகளையும் சங்கிலிகளையும் உண்மையான ஆயுதங்களால் தாக்கிப் பார்த்து, வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் பிரிக்குது. என்ன ஆயுதம், எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் அவர்களின் கணக்கு. உடைக்கவே முடியாது என்று அவர்கள் எதுக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. இது எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. பிறகு வருகிறோம்.

சங்கிலிக்குப் பிறகு ஆமைப்பூட்டு. நல்ல சங்கிலி வாங்கி, வீட்டுக் கேற்றுக்குப் போடுகிற பூட்டைப் போட்டால் கள்ளன் சங்கிலியைத் தொடவே மாட்டான். பூட்டின் வளையமும் கடினப்படுத்தின உருக்காக இருக்க வேணும். வளையம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்காமல், இரண்டு பக்கமும் பூட்டின் உடம்பே உயர்ந்து மூடியிருந்தால் கட்டரின் வாய் நுழையாது. பூட்டையும் சங்கிலியையும் ஒன்றாகவே வாங்குங்கள். மொத்த வளையம் பல சங்கிலிகளின் கண்ணிக்குள் போகாது.

உப்பு எங்கட ஊரின் நிரந்தரக் கள்ளன். சங்கிலிக்கு மேல் வருகிற சீலை உறை பைக்கின் பெயின்டைக் காப்பாற்றும், ஆனால் உப்புத் தண்ணியைக் குடித்து வைத்திருக்கும். மாதம் ஒருக்கா உறையைக் கழற்றி, நல்ல தண்ணியில் கழுவி, வெயிலில் காயவிடுங்கள். பூட்டின் திறப்பு ஓட்டைக்குள் எண்ணெய் விட வேண்டாம். எண்ணெயும் கடற்கரை மண்ணும் சேர்ந்தால் களியாகி இறுகும். பென்சில் கரியைச் சுரண்டித் திறப்பில் தடவிப் போடுங்கள், அது காணும். கறள் பிடிச்ச சங்கிலியை அசிட்டில் ஊறவைக்கவும் வேண்டாம். கடின உருக்கு அசிட் பட்டால் நொறுங்கும் தன்மைக்குப் போகலாம்.

கட்டுகிற விதமும் இருக்கு. முன்சில்லில் மட்டும் கட்டினால் சில்லைக் கழற்றி வைத்துவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோகலாம். பின்சில்லோடு சட்டத்தையும் சேர்த்துக் கட்டுங்கள். சங்கிலி நிலத்தில் கிடக்கக் கூடாது. நிலம் கள்ளனுக்குப் பட்டறைக் கல் மாதிரி, சங்கிலியை அதில் வைத்துச் சுத்தியலால் அடிக்கலாம், கட்டரின் ஒரு பிடியை நிலத்தில் ஊன்றி முழுப் பாரத்தையும் மேலே போடலாம். எதோடையும் கட்டாமல் பைக்கைத் தன்பாட்டில் பூட்டி விட்டால், மூன்று பேர் தூக்கிப் பட்டாவில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் ஆறுதலாக வெட்டுவார்கள். கட்டை இல்லாத இடத்தில் இரண்டு மூன்று பைக்கையாவது ஒன்றாகச் சேர்த்துக் கட்டுங்கள்.

இவ்வளவும் செய்தாலும், பற்றறியில் ஓடுகிற கிரைண்டர் ஒன்று எந்தச் சங்கிலியையும் சில நிமிடத்தில் வெட்டிவிடும். அதனால்தான் சோல்ட் செக்யூர்காரர்களின் கணக்கு எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. காசு கொடுத்து நாங்கள் வாங்குவது நேரத்தை. கட்டரோடு வந்தவனைக் கிரைண்டர் எடுக்க வைக்கிறோம். கிரைண்டர் எடுத்தால் சத்தம் வரும், பொறி பறக்கும். அந்த நேரமும் சத்தமும் ஆருக்காவது கேட்டால்தான் சங்கிலிக்குக் கொடுத்த காசுக்குப் பெறுமதி.

ஆருக்குக் கேட்கும்? நாங்கள் பைக் விடுகிற வளவில் ஒரு ஆச்சி தனிய இருக்கிறா. அவவிடம் கேட்டோம். "சத்தம் கேட்டா நான் கத்துவன் பிள்ளையள். ஆனா நான் கத்தினா கேக்கிறதுக்கு அங்கால வீடுகளில ஆர் இருக்கினம்?" என்றா. 1990, 1991 இடப்பெயர்வுகளோடு வெறுமையான வீடுகள் பல இன்னும் அப்பிடியே நிற்குது. ஆக்கள் கொழும்பில், பாரிஸில், ரொறன்ரோவில். கேற்றுகளில் கறள் பிடித்த ஆமைப்பூட்டுகள் தொங்குது, உள்ளே கூரை இல்லை.

நெடுந்தீவில் இந்தக் கதையே வேற. அங்கே பைக்கைத் திறப்போடு விட்டுவிட்டுப் போகிற ஆக்களைப் பார்த்திருக்கிறோம். களவெடுத்தால் எங்கே கொண்டுபோறது? தீவை விட்டு வெளியேற இறங்குதுறைக்குத்தான் வர வேணும், அங்கே நிற்கிற எல்லாருக்கும் அது ஆரின் பைக் என்று தெரியும். கடலும் சனமும் சேர்ந்து பூட்டு. குறிகட்டுவானில் இருந்தோ, ஒரு மணித்தியாலத்தில் ரவுணுக்குள் போய் மறைந்துவிடலாம். ஊர்காவற்றுறையைப் போர்த்துக்கேயர் யானைத்துறை என்று அழைத்தார்கள். வன்னிப் பக்கம் பிடித்த யானைகள் அங்கிருந்துதான் கப்பல் ஏறின. யானையைச் சங்கிலியால் கட்டினார்கள்தான், ஆனால் பாகன் இல்லாமல் விட்டிருக்க மாட்டார்கள்.

கடைசியில் நாங்கள் செய்தது இது. ஐந்து பேரும் காசு போட்டு 16 மில்லிமீற்றரில் நீளமான ஒரு சங்கிலி வாங்கினோம். அதை யாழ்ப்பாணத்துக்குக் காவுவதில்லை. ஆச்சியின் வளவில் இரும்புக் குழாய் ஒன்றைச் சீமெந்து போட்டு ஊன்றி, அதிலேயே விட்டிருக்கிறோம். எல்லா வண்டியும் அந்த ஒன்றில். பூட்டு ஒன்று, திறப்பு ஐந்து. வாசலில் சூரிய ஒளியில் எரிகிற லைற் ஒன்று போட்டுக் கொடுத்தோம். ஆச்சியின் போனில் எங்கள் ஐந்து பேரின் நம்பரும், பக்கத்துக் கடைக்காரரின் நம்பரும் இருக்கு. மாதம் ஒரு சின்னத் தொகை கொடுக்கிறோம். முதலில் வாங்க மறுத்தா. "அப்ப நாங்கள் வேற இடத்தில விடுறம் ஆச்சி" என்ற பிறகு வாங்கினா.

வளவு இல்லாதவர்கள் என்ன செய்வது? திருவிழாவுக்கு நயினாதீவு போகிற சனத்தில் இருந்து, தினமும் கடல் கடக்கிற ஆசிரியர்கள், தாதிமார் வரை, பைக்கைக் கரையில் விட்டுப் போகிறவர்கள் கன பேர். சீமெந்தில் ஊன்றின இரும்புக் கம்பி ஒரு வரிசை, மேலே ஒரு தகரக் கூரை, ஒரு லைற், சம்பளத்துக்கு ஒரு காவலாளி. இதைச் சங்கமோ சபையோ ஆர் செய்தாலும் சரி, கட்டணம் கொடுக்க நாங்கள் தயார். சங்கிலியை நாங்கள் வாங்கலாம், கட்டையை ஊர்தான் நட வேணும்.

ஸ்கூட்டரைப் பறிகொடுத்தவள் இப்ப பழைய பைக் ஒன்று வாங்கியிருக்கிறாள். இந்த முறை முழுக் காப்புறுதி. வீட்டுக்காரரை ஒருநாள் கூட்டிக்கொண்டு வந்து, அந்தக் குழாயையும் சங்கிலியையும் ஆச்சியையும் காட்டினாள். சங்கிலியைத் தூக்கிப் பார்த்த அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சியோடுதான் கனநேரம் கதைத்துக்கொண்டு நின்றார். திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள்.