தண்ணீர் குடிக்காத விருந்தாளி

பணி ஓய்வுக்குப் பிறகு கும்பகோணத்தில் எங்கள் பூர்வீக வீட்டுக்கே வந்து சேர்ந்தோம். பிள்ளைகள் இருவரும் வெளியூரில். நாங்கள் இரண்டு பேருக்கு இத்தனை பெரிய வீடு எதற்கு என்று, முற்றத்தை ஒட்டிய மூன்று அறைகளையும் கோயில் பார்க்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட ஆரம்பித்தோம். காலையில் இட்லியும் காபியும் உண்டு. 2016 மகாமகம் முடிந்த மறுவருடம் அது.

அறைகளைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் குளியலறையும் கழிப்பறையும் கொல்லையில். மூன்று அறைக்காரர்களுக்கும் அதுதான், எங்களுக்கும் அதுதான்.

வருகிறவர்களில் பாதிப் பேர் நவக்கிரகக் கோயில்களைச் சுற்றுகிறவர்கள். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் ஆறு மணிக்குள் கார் ஏறிவிட வேண்டும். ஆகவே எல்லோருக்கும் நாலரை மணிக்கே வெந்நீர் வேண்டும். தோளில் துண்டும் கையில் சோப்புப் பெட்டியுமாகக் கொல்லைக் கதவருகே வரிசை நிற்கும்.

நான் பள்ளிக்கூட வாத்தியார். கால அட்டவணை போட்டுப் பழகிய கை. அறைக்கு இருபது நிமிடம் என்று எழுதி ஒட்டினேன். கீசர் வைத்தேன். உள்ளே ஆள் இருப்பது தெரிய வெளியே ஒரு சிவப்பு விளக்கும் போட்டேன். பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

ஒரு சித்திரை மாதம் சேலத்திலிருந்து வயதான தம்பதி வந்திருந்தார்கள். அந்த அம்மாவுக்கு எழுபது இருக்கும், முழங்கால் வலி. இரவு என் மனைவி பால் கொண்டுபோனபோது, "வேண்டாம்மா. சாயங்காலத்தோட தண்ணியையே நிறுத்திட்டேன். நடுராத்திரில அவ்வளவு தூரம் போகணும், அவரை எழுப்பணும். எதுக்கு வம்பு?" என்றாராம். அந்த வெயில் காலத்தில்!

மனைவி இதைச் சொன்னபோது எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. விளக்கு வைத்தபின் அம்மா ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள். ஏதோ நோன்பு என்றே நான் நினைத்திருந்தேன். வயதான காலத்தில் அடிக்கடி நீர்க்கடுப்பு வந்து அவதிப்பட்டாள். "நிறையத் தண்ணீர் குடிங்க பாட்டி" என்று டாக்டர் சொல்லும்போதெல்லாம் தலையை மட்டும் ஆட்டுவாள். கொல்லை இருட்டைத் தாண்டிப் போக அஞ்சித்தான் அந்த நோன்பு என்பது, எனக்கு அறுபது வயது தாண்டி, ஒரு விருந்தாளி சொல்லித்தான் புரிந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

மறுவாரமே கொத்தனாரை வரச் சொன்னேன். மாடியில் கட்டிவிட்டால் மூன்று அறையும் மிச்சமாகும் என்பது என் கணக்கு. "மெட்ராஸ் டெரஸ் சார். தேக்குச் சட்டத்து மேல செங்கல்லும் சுண்ணாம்பும். ஈரம் இறங்கினா சட்டம் உளுத்துடும்" என்றார் அவர். முழங்கால் வலிக்காரர் எப்படிப் படியேறுவார் என்று மனைவியும் கேட்டாள். கடைசியில் நடு அறையை இரண்டாகத் தடுத்து, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று குளியலறைகள் ஆக்குவதென்று முடிவாயிற்று.

"மூணு வாடகை ரெண்டாயிடும்ங்க" என்றாள் மனைவி.

"ஆகட்டும்" என்றேன்.

கழிவுக் குழாய்க்குப் பத்தடிக்கு மூன்று அங்குலம் வாட்டம் கொடுத்துக் கொல்லை வரை கொண்டுபோனோம். வாசலில் தடுக்கும் படி இல்லை. வழுக்காத தரை, பிடித்து எழக் கம்பி, வெளிப்பக்கம் திறக்கும் கதவு. உள்ளே யாராவது விழுந்தால், உட்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் இதை மட்டுமாவது கவனியுங்கள்.

போட்ட பணம் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. இப்போது இரவில் இரண்டு அறையிலும் ஒரு செம்பு தண்ணீர் வைக்கிறோம். விருந்தாளிகள் கிளம்பியதும் நான் முதலில் பார்ப்பது அந்தச் செம்பைத்தான். பெரும்பாலும் காலியாக இருக்கிறது.