சின்னத்தில் இல்லாத மலை

வியாபாரச் சின்னம் வெறும் படமன்று. அது ஒரு வாக்குறுதி. அதே வேளையில் ஒரு திரையுமாகும். வாங்குவோர் எதைக் காண வேண்டும், எதைக் காணலாகாது என்பதை அச்சிறு படமே தீர்மானித்து விடுகிறது. அந்தத் திரையை விலக்க மக்கள் கண்ட கருவிகளுள் ஒன்று கேலிச் சின்னம்.

பிரிட்டனின் எண்ணெய்க் கம்பனியான பி.பி., 2000 ஆம் ஆண்டில் பச்சையும் மஞ்சளுமாக ஒளிரும் கதிர்மலரொன்றைத் தன் சின்னமாக்கிக் கொண்டது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிக்கோ வளைகுடாவில் அக்கம்பனிக்காகக் கிணறு தோண்டிய மேடை வெடித்தது. 11 தொழிலாளர் மாண்டனர். 87 நாட்கள் கடலில் எண்ணெய் பெருகியது. அச்சின்னத்தைத் திருத்தி வரையுமாறு கிறீன்பீஸ் இயக்கம் பொதுமக்களை அழைத்தது. அதே மலரின்மேல் கரிய எண்ணெய் வழிந்தது. நிறத்தையும் வடிவத்தையும் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டமையாற்றான் அந்தக் கேலி பலித்தது. கம்பனி கோடி கோடியாய்ச் செலவிட்டு நம் கண்ணிற் பதித்த படம், கம்பனிக்கு எதிராகவே சாட்சி சொல்லத் தொடங்கியது.

நமக்கு அண்மையிலும் ஒரு வழக்குண்டு. ஒரிசாவின் தம்ரா துறைமுகத்தை டாட்டா ஸ்டீல் மற்றொரு நிறுவனத்துடன் கூட்டாகக் கட்டியது. அருகிலுள்ள கடற்கரையில் முட்டையிட வரும் ஆமைகளுக்கு அதனால் கேடு விளையும் என்று கூறி, டாட்டாவின் சின்னம் ஆமையைத் துரத்துவதாக ஒரு கணினி விளையாட்டைக் கிறீன்பீஸ் 2010 இல் வெளியிட்டது. டாட்டா 10 கோடி ரூபாய் நட்டஈடு கோரி, தடையும் கேட்டது. 2011 ஜனவரி 28 அன்று டெல்லி உயர்நீதிமன்ற நீதிபதி இரவீந்திர பட் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தார். சின்னம் கம்பனியின் சொத்தாயினும் அதைக் கொண்டே கம்பனியை விமர்சிக்கும் உரிமை பிறர்க்குண்டு என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இவற்றை நான் எண்ணிப் பார்ப்பது பெரகலவிலிருந்து. இங்குள்ள சந்தியில் ஒரு வழி ஹப்புத்தளைக்கு ஏறுகிறது. மற்றொன்று கொஸ்லந்தைக்கு இறங்குகிறது. ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களை 1890 இல் வாங்கிய தோமஸ் லிப்டன், தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கெண்டிக்கு என்று உலகெங்கும் விளம்பரம் செய்தார். அந்த 'நேரே' என்னும் சொல்லை ஊன்றி நோக்குங்கள். காடழித்துக் கோப்பியும் பின்னர் தேயிலையும் நட்ட கதை, மழைதோறும் கரைந்தோடும் மண், கொழுந்து கிள்ளும் விரல்கள் யாவும் அந்த ஒரு சொல்லில் மறைந்து போயின. கொஸ்லந்தை வழியிலோ மீரியபெத்தை இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் அங்கே மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்து முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே வாழ விடப்பட்டிருந்தனர்.

தேயிலைப் பைக்கற்றுப் படமொன்றை மாற்றி வரையுமாறு என் வகுப்பில் கூறினேன். ஒரு மாணவி, கூடை சுமந்து சிரிக்கும் பெண்ணை அப்படியே வரைந்து, அவளுக்குப் பின்னால் வெடித்த மலையையும் வரைந்திருந்தாள். "சேர், அவ சிரிக்கிறா. ஆனா மலை விரிஞ்சிருக்கிறது அவளுக்குத் தெரியாது" என்றாள்.

அதைச் சுவரில் ஒட்ட முனைந்தபோது சக ஆசிரியர் ஒருவர், "கம்பனிக்காரர் கண்டால் வீண் தொல்லை" என்று தடுத்தார். அவருடைய அச்சம் எனக்கு விளங்காததன்று. டெல்லித் தீர்ப்பு நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது என்பதும் உண்மையே. ஆயினும் வசை வேறு, கேலி வேறு. இல்லாததைக் கூட்டி உரைப்பது வசை. மறைத்ததை மீளச் சேர்ப்பது நல்ல கேலி. அந்த மாணவி ஒரு பொய்யையும் சேர்க்கவில்லை. எண்ணெய் தோய்ந்த பறவைக்கும் துரத்தப்படும் ஆமைக்கும் இரங்குவது நல்லதே. ஆனால் மண்ணைக் கெடுக்கும் இலாபம் அம்மண்ணில் நிற்கும் மனிதரையும் கெடுக்கிறது என்பதை, பெரிய இயக்கங்களின் படங்களைக் காட்டிலும் இந்தச் சிறுமியின் படம் தெளிவாகச் சொல்கிறது.

படம் சுவரில் இருக்கிறது. ஏனைய ஆசிரியர்களும் தத்தம் வகுப்பில் ஒரு பைக்கற்றை எடுத்து, "இதில் எது இல்லை?" என்று கேட்டுப் பார்க்கட்டும்.