ஐந்து முதல் பதினைந்து வரை

மாணவியர் கணக்கில் தவறு செய்தார்கள் என்று எழுதுவது ஆசிரியைகளுக்கு எளிது. இம்முறை அப்படி எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. பதினோராம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கும் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த தவறு ஒன்றை, பெற்றோரும் அருட்சகோதரிகளும் படிக்கும் இவ்வாண்டு மலரிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

பாடம், இருபடி அசமன்பாடுகள். சமன்பாடுகளைத் தடையின்றிச் செய்யும் பெண்கள்தாமே என்று, இதனை இரண்டே வகுப்புகளில் முடித்துவிட்டோம். "சமக்குறி இருந்த இடத்தில் சிறியது, பெரியது என்ற குறி வருகிறது, மற்றபடி எல்லாம் அதேதான்" என்று சொன்னது சாட்சாத் நாங்களே. மாதத் தேர்வில் பலன் தெரிந்தது. வினா: அ² − 7அ + 10 < 0. (வகுப்பில் எக்ஸ் என்போம், இங்கே 'அ' என்றே வைத்துக்கொள்வோம்.) பாதிப் பேருக்கு மேல் (அ − 2)(அ − 5) < 0 வரை பிழையின்றி வந்து, பிறகு "அ < 2, அ < 5" என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடும் போட்டிருந்தார்கள். அவ்வளவு உறுதி!

அந்த வாரம் ஒரு தந்தை வந்தார். இராசிபுரம் பக்கத்தில் மரவள்ளிக் காடும் கொஞ்சம் கோழி வளர்ப்பும் உள்ளவர். அவர் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் பெண் அவர் மகள். "புள்ளைக்குக் கணக்கு ஏறமாட்டேங்குதுங்க டீச்சர். வேற குரூப்புக்கு மாத்தி விட்டுருங்க" என்றார். அவள் தலை நிமிரவே இல்லை. அவளுடைய தாளிலும் அதே இரட்டைக் கோடுதான். நாங்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவள் எழுதியிருந்தாள் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? "ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள், ஐயா" என்று மட்டும் கேட்டுக்கொண்டோம்.

மறுநாள் பாடத்தை முதலிலிருந்து தொடங்கினோம். "இராமானுஜனுக்கு நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்குச் சொன்னாராம், எங்களுக்கு மாதத் தேர்வுதான் டீச்சர் கனவில் வருகிறது" என்றாள் ஒரு குறும்புக்காரி. சிரிப்பு அடங்கியதும், "அ என்பதற்குச் சுழியை வைத்துப் பாருங்கள்" என்றோம். 10 < 0 என்று வந்தது. சுழியோ இரண்டுக்கும் சிறியது, ஐந்துக்கும் சிறியது. வகுப்பே மௌனமாயிற்று. தங்கள் விடை தவறென்று எங்கள் சிவப்பு மையைக் கொண்டல்லாமல் தாங்களே கண்டது அன்றுதான். கரும்பலகையில் எண்கோடு வரைந்தோம். இரண்டும் ஐந்தும் அதனை மூன்று துண்டுகளாக்கின. 0, 3, 6 என்று ஒவ்வொரு துண்டிலும் ஓர் எண்ணை வைத்துப் பார்த்தபோது, விடைகள் 10, −2, 4. இரண்டு காரணிகளில் ஒன்று மட்டும் குறை எண்ணாக இருந்தால்தான் பெருக்கற்பலன் சுழிக்குக் கீழ் இறங்கும். அது நடுத்துண்டில்தான் நடக்கிறது. ஆகவே 2 < அ < 5.

அடுத்த தடை தமிழிலேயே இருந்தது. வினாவில் 'குறையாமல்' என்று வந்தால், 'குறை' என்னும் எழுத்துகளைக் கண்டவுடனே 'சிறியது' குறியைப் போட்டுவிடுகிறார்கள். 'மிகாமல்' என்றால் 'பெரியது' குறி. இரண்டும் தலைகீழ்! இதை எங்களைவிட நன்றாக விளக்கியவள் லாரி ஓட்டுநர் ஒருவரின் மகள். "பத்து டன்னுக்கு மிகாமல்னா, பத்து வரைக்கும் ஏத்தலாம் டீச்சர். பத்தைத் தாண்டினாத்தான் கேஸ்" என்றாள். நாமக்கல் பக்கத்துப் பெண்ணுக்கு இதைச் சொல்லித் தரவா வேண்டும்? நாங்கள்தாம் அதுவரை கேட்கவில்லை.

மரியா கயேத்தானா அக்னேசி அம்மையாரை அப்போது நினைத்துக்கொண்டோம். மிலான் நகரில் 1718-இல் பிறந்த கத்தோலிக்கப் பெண்மணி. 1748-இல் வெளிவந்த அவருடைய கணித நூல், அறிஞர்களின் இலத்தீனில் அல்லாமல், இத்தாலிய இளைஞர்களுக்கென்று இத்தாலிய மொழியிலேயே எழுதப்பட்டது. பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் அவரைப் பொலோஞா பல்கலைக்கழகத்துக்கு நியமித்தார். பிற்காலத்தை அவர் ஏழை, நோயாளிப் பெண்களின் பணியில் கழித்தார். கணிதத்தைக் கற்பவரின் பேச்சுமொழிக்குக் கொண்டுவர வேண்டும் என்று அவருக்கு அன்றே தோன்றியிருக்கிறது.

ஆகவே அடுத்த கணக்கைக் கோழிக்கொட்டிலிலிருந்து எடுத்தோம். வீட்டுச் சுவர் ஒரு பக்கம். மற்ற மூன்று பக்கங்களுக்கும் 40 மீட்டர் கம்பிவலை. செவ்வக அடைப்பின் பரப்பு 150 சதுர மீட்டருக்குக் குறையாமல் இருக்க, சுவரிலிருந்து வெளியே நீளும் பக்கம் எவ்வளவு இருக்கலாம்? இப்போது முதலில் கை உயர்த்தியவள் அந்த மரவள்ளிக் காட்டுப் பெண். அவள் சமன்பாடு எதுவும் எழுதவில்லை. எண்களை வைத்துப் பார்த்தாள். 4 மீட்டர் என்றால் பரப்பு 128, போதாது. 5 என்றால் 150, சரி. 10 என்றால் 200. 15 என்றால் மறுபடி 150. 16 என்றால் மீண்டும் 128! ஏறிய பரப்பு இறங்கவும் செய்கிறது என்பதைக் கண்டு அவளே வியந்தாள்.

"அப்ப எட்டு வெச்சாலும் சரி, பன்னண்டு வெச்சாலும் சரிங்களா டீச்சர்? ஒரே விடைன்னு இல்லையா?"

இல்லை. ஐந்து முதல் பதினைந்து வரை எதுவும் விடைதான். சமன்பாடு ஓர் எண்ணையோ இரண்டு எண்களையோ தரும். அசமன்பாடோ ஒரு நீளத்தையே தருகிறது. முதல் நாளே நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் இது.

பிறகுதான் எழுத்துக் கணக்கு. அ(40 − 2அ) ≥ 150 என்பது −2அ² + 40அ − 150 ≥ 0 ஆகும். −2-ஆல் வகுக்கும்போது குறி திரும்பி, அ² − 20அ + 75 ≤ 0 ஆகிறது. குறி ஏன் திரும்ப வேண்டும் என்று கேட்டார்கள். "500 ரூபாய் வைத்திருப்பவர் 300 வைத்திருப்பவரைவிட வசதியானவர். 500 ரூபாய் கடன்பட்டவர், 300 கடன்பட்டவரைவிட வசதியானவரா?" என்றோம். கடனைப் பற்றி அதற்குமேல் விளக்கவேண்டியிருக்கவில்லை. (அ − 5)(அ − 15) ≤ 0 என்று வந்தபோது, அவளுடைய பட்டியலில் இருந்த அதே ஐந்தும் பதினைந்தும் கரும்பலகையில் நின்றன.

அரையாண்டுத் தாளில் அவள் எண்கோடு வரைந்து, ஒவ்வொரு துண்டிலும் ஓர் எண்ணை வைத்துப் பார்த்து எழுதியிருந்தாள். வேறொரு கணக்கில் வர்க்கமூலத்தில் சறுக்கிவிட்டாள். மதிப்பெண் ஒன்றும் பிரமாதமில்லை. மதிப்பெண் அட்டையில் கையொப்பமிட வந்த தந்தை, "ஒரு மாசம்னு சொன்னீங்க, ரெண்டு மாசம் ஆயிருச்சுங்க" என்று சொல்லிச் சிரித்தார். குரூப்பைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

அவர் வெளியே காத்திருக்க, அவள் மட்டும் திரும்பி வந்தாள். அ² + 1 > 0 என்று ஒரு கணக்கைத் தானே எழுதிப் பார்த்தாளாம். எந்த எண்ணை வைத்தாலும் சரியாகவே வருகிறதாம். "எல்லா எண்ணும் விடையா இருக்கிற கணக்குக்கூட உண்டுங்களா டீச்சர்?" என்றாள். பதில் சொல்லத் தொடங்கினோம். அதற்குள் வெளியே அவள் ஊர்ப் பேருந்தின் ஒலி கேட்டது. "நாளைக்குக் கேக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.