எள்ளு காஞ்ச சித்திரை

இந்த வருஷம் சித்திரை ஒண்ணாம் தேதிக்கு வீடு நிறைஞ்சு இருந்தது. சென்னையில வேலை பார்க்கிற மகன், மருமகள், பேரன் மூணு பேரும் ராத்திரி பஸ் ஏறி விடிகாலையில வந்து இறங்கினாங்க. பேரனுக்குப் பரீட்சை முடிஞ்சு லீவு.

எங்க தஞ்சாவூர்ப் பக்கம் அன்னைக்குத்தான் நல்லேர் பூட்டுவோம். வருஷத்தோட முதல் உழவு. முன்னெல்லாம் ஊர்ல உள்ள அத்தனை ஜோடி மாடும் குளிச்சு, கொம்புல பூ சுத்திக்கிட்டு ஒரே வயல்ல வரிசையா நிக்கும். இப்ப எங்க தெருவுல ஏர் மாடே கிடையாது. என் ஜோடியை வித்தே பன்னெண்டு வருஷம் ஆச்சு. பக்கத்து வீட்டு டிராக்டருக்குச் சந்தனம், குங்குமம் வச்சு, தேங்காய் உடைச்சு மூணு சுத்து ஓட்டினோம். பேரன் டிரைவர் பக்கத்துல உக்காந்துக்கிட்டான். காப்பரிசியை வாய் நிறைய மென்னுக்கிட்டே, "தாத்தா, டிராக்டரும் சாமியா?"ன்னு கேட்டான். "சோறு போடுற எல்லாமே சாமிதான்டா"ன்னு சொல்லி வச்சேன்.

மத்தியானம் வேப்பம்பூப் பச்சடி, மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம்னு சாப்பிட்டுட்டுத் திண்ணையில சாஞ்சோம். மகன் மெதுவா பேச்செடுத்தான்.

"அப்பா, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு அம்மாவையும் அழைச்சுக்கிட்டு எங்களோட வந்துடுங்களேன்."

எனக்கு இருக்கிறது ஒன்பது மா. நகரத்துல இருக்கிறவங்களுக்குச் சொல்றேன், மூணு மா சேர்ந்தா ஒரு ஏக்கர். அதுல மூணு மாவுல எள்ளு போட்டிருந்தேன். மகன் போனை எடுத்து உழவு, விதை, களை, அறுப்புக் கூலின்னு ஒவ்வொண்ணா கேட்டுக் கணக்குப் போட்டான். மிஞ்சுறது ரொம்பக் கொஞ்சம். "உங்க ரெண்டு பேர் கூலியை இதுல சேர்க்கவே இல்லப்பா"ன்னான். நான் பதில் சொல்லல. "எங்க கூலியை என்னைக்குடா கணக்குல எழுதினோம்"னு உள்ளேருந்து என் வீட்டுக்காரம்மா குரல் மட்டும் வந்தது.

ரெண்டு நாள்ல மகன் கிளம்பிட்டான். மருமகளும் பேரனும் தங்கினாங்க. விடியறதுக்கு முன்னாடியே எழுந்து மாமியாரும் மருமகளும் கூழ் கிண்டி, மாடியில பழைய வேட்டியை விரிச்சு வடகம் பிழிவாங்க. காக்கா விரட்டுற வேலை பேரனுக்கு. காஞ்சதைவிட அவன் வயித்துக்குள்ள போன ஈர வடகம்தான் அதிகம். சாயங்காலம் நுங்கு. தின்னு முடிச்ச குரும்பையில அவனுக்கு ஒரு வண்டி செஞ்சு குடுத்தேன். செல்போனை அவன் கேட்கவே இல்லன்னு மருமகளுக்கு ஆச்சரியம்.

சித்திரை பாதியில எள்ளு அறுத்தோம். நல்லெண்ணெய் எல்லாருக்கும் தெரியும், எள்ளு வர்ற வழி பல பேருக்குத் தெரியாது. செடியை அறுத்து நாலஞ்சு நாள் போர் போட்டு மூடி வைக்கணும். இலை பழுத்து உதிரும். அப்புறம் கட்டுக்கட்டா களத்துல நிறுத்தி வெயில்ல காய விடணும். காய் வாய் பிளந்ததும் தலைகீழாப் பிடிச்சுத் தட்டினா பொலபொலன்னு கொட்டும். அந்த நேரத்துல மழை மட்டும் வரக்கூடாது. பேரன் களத்தை விட்டு நகரல. எங்கம்மா, அவங்களுக்கு வயசு எண்பதுக்கு மேல, அவனைப் பார்த்து, "எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குடா காயுது?"ன்னு சிரிச்சாங்க.

ஞாயித்துக்கிழமை மாரியம்மனுக்குத் தீமிதி. அதுக்காக மகன் திரும்ப வந்திருந்தான். எள்ளை மறுநாள் காலையில உதறலாம்னு இருந்தோம். பொழுது சாய்ஞ்சு கரகம் குழிக்கு வர்ற நேரம். மேற்கே ஒரு மின்னல். ஈரக்காத்து முகத்துல அடிச்சது. எனக்குக் கை கால் ஓடல. சாமி வர்ற நேரத்துல எப்படி விட்டுட்டுப் போறதுன்னு நின்னேன். திரும்பிப் பார்த்தா பக்கத்துல நின்ன மகனைக் காணோம்.

நான் களத்துக்கு ஓடினப்ப அவன் புது வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, கொட்டகையிலிருந்து தார்ப்பாயை இழுத்துக்கிட்டு வர்றான். பின்னாடியே மருமகளும் என் வீட்டுக்காரம்மாவும் வந்தாங்க. கட்டுகளை அலுங்காம தூக்கி நடுவுல சேர்த்தோம். கொஞ்சம் வேகமா தூக்கினாலே எள்ளு கொட்டிடும். "மெதுவாடா, மெதுவா"ன்னு நான் கத்த, "தெரியும்ப்பா, சின்ன வயசுல தூக்கியிருக்கேன்"னான். பேரன் டார்ச் அடிச்சான். முக்கால்வாசி மூடுறதுக்குள்ள மழை பிடிச்சுக்கிச்சு. கோயில்லேருந்து மேளச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தது. நாங்க நாலு பேரும் தார்ப்பாயோட ஓரத்தை மிதிச்சுக்கிட்டு நனைஞ்சபடி நின்னோம்.

மேற்கு வரிசை நனைஞ்சுதான் போச்சு. அந்த எள்ளு நிறம் மங்கிடுச்சு, வியாபாரி விலையைக் குறைச்சுத்தான் எடுத்தார். மிச்சம் மூணு மூட்டை தேறிச்சு. மகன் போட்ட கணக்கைவிடக் குறைச்சல்தான்.

திங்கட்கிழமை ராத்திரி மூணு பேரும் ஊருக்குக் கிளம்பினாங்க. பையில வடகம், மாவடு, எங்கம்மா இடிச்ச எள்ளுருண்டை. பஸ்ஸுக்கு நிக்கும்போது மகன் குத்தகைப் பேச்சை எடுக்கல. "அடுத்த வருஷம் எள்ளு போட்டா, அறுக்கிற தேதியை முன்னாடியே சொல்லுங்கப்பா, லீவு போடணும்"னு மட்டும் சொன்னான்.

போடுவேனான்னு எனக்கே தெரியல. முழங்கால் வலி இருக்கு, அவன் கணக்கும் தப்பில்ல. ஆனா விதைக்குன்னு ரெண்டு கிலோ எள்ளை நல்லா காய வச்சு, பானையில போட்டு, வாயைக் கட்டி எடுத்து வச்சிருக்கேன்.